பாதி பாஸ்வேர்டு

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் எங்காவது இருந்து இதைப் படித்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "பேரு தெரிஞ்சா பாதி சோலி தீந்துது மக்கா. பாக்கி பாஸ்வேர்டு மட்டுந்தானே" என்று வேலைக்கு வந்த முதல் நாளே சொன்னவர். அதனால் கடைசிவரை அவர் என்றே இருக்கட்டும். அலுவலகத்தில் நாங்கள் அவரைப் பூட்டண்ணன் என்போம், அவர் காதில் விழாமல்.

கோட்டாற்றில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி அது. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் எடுத்து, ஊருக்கு வெளியே இருந்த கிடங்கில் உறையவைத்து, வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேற்றுவோம். அந்த மீன்களுக்கெல்லாம் காகிதம் தயார் செய்வது என் வேலை. ஒரு பெட்டி நெத்திலி துபாய் போய்ச் சேர எத்தனை காகிதம் வேண்டும் என்று தெரிந்தால் நெத்திலியே கடலுக்குத் திரும்பிவிடும்.

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலம். எங்கள் முதலாளி பக்கத்துக் கடையில் போய் மெயில் பார்ப்பார். ஒருநாள் பார்த்துவிட்டு, மூடாமல் அப்படியே எழுந்து வந்துவிட்டார். அடுத்து வந்து உட்கார்ந்த எவனோ ஒருவன் எங்கள் துபாய் வியாபாரிக்குக் கம்பெனி பெயரில் ஒரு சினிமா நடிகையின் படத்தை அனுப்பிவைத்தான். துபாய்க்காரர் மரியாதை தெரிந்த மனிதர். படம் கிடைத்தது, நன்றாக இருக்கிறது, கன்டெய்னர் எப்போது கிடைக்கும் என்று பதில் போட்டிருந்தார். முதலாளி இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு, கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு மெயில் வேண்டும், அதை அமைத்துக் காவல் காக்க ஒரு ஆளும் வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அப்படித்தான் அவர் வந்தார்.

புதுக்கடைப் பக்கம் வீடு. மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒல்லியான ஆள். நடந்தால் சாவிக்கொத்து முதலில் வரும், அவர் பின்னால் வருவார். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக்கூட ஒரு சின்னப் பூட்டு போட்டிருந்தார். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பிவந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், "சோறுதான்" என்பார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்தால் உடனே பேசமாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"நம்ம கல்யாணத்துல ரெண்டாவது விட்ட பாயாசம் என்ன?"

போனுக்குள்ளிருந்து அந்த அம்மா கத்துவது எங்களுக்கே கேட்கும். "ஒமக்கு வேற சோலி இல்லியா? வரும்போ ஒரு கிலோ சீனி வாங்கிட்டு வாரும்."

அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். "அவதான். வேற ஆரும் இப்பிடிச் சொல்லமாட்டா."

மெயில் அமைப்புக்கான திட்டத்தை அவர் ஒரு பெரிய சார்ட் பேப்பரில் வரைந்து முதலாளியின் மேசைமேல் விரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாலு மூலையிலும் பேப்பர் சுருளாமல் இருக்க சாயாக் கிளாஸ் வைத்திருந்தோம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றிவிட்டு, "இது என்ன வீட்டுப் பிளானா?" என்று கேட்டார்.

"வீடுதான் மொதலாளி. கல்யாண வீடு. வாசல்ல பந்தல் கெடக்கு. பந்தலுக்கு ஆரும் வரலாம், விளிக்காதவனும் வந்து வெள்ளம் குடிச்சிட்டுப் போவான். நம்ம வெப்மெயில் இருக்குத மிஷினு அந்தப் பந்தல். ஒலகத்துல எங்க இருந்தும் வந்து தட்டலாம். உள்ள கலவறை. அரிசி, தேங்கா, பப்படம் எல்லாம் அங்கதான். மெயிலு எல்லாம் அந்தக் கலவறை மிஷின்ல கெடக்கும். பந்தல்ல நிக்குதவன் கலவறைக்குள்ள காலு வைக்கப்பிடாது. வேணுங்கியத வாசல்ல நிண்ணு கேக்கணும். உள்ள இருக்குதவன் எடுத்துக் குடுப்பான்."

"நடுவில இந்தக் கட்டம்?"

"அது பெண்ணுக்க தாய்மாமன். நீ ஆரு, எங்க போறே, ஆரு விளிச்சாவன்னு கேட்டுக்கிட்டு நிப்பான். அதுக்குப் பேரு ஃபயர்வால்."

முதலாளி பேப்பரை விரலால் தட்டினார். "பந்தலுக்கு ஒண்ணு, கலவறைக்கு ஒண்ணுன்னு ரெண்டு மிஷினு என்னத்துக்கு? ஒண்ணு போராதா?"

"பந்தல்லயே அரிசிச் சாக்க அடுக்கினா நிக்குமா மொதலாளி?"

முதலாளி வீட்டில் அந்த வருடம்தான் மூத்த மகளின் கல்யாணம் முடிந்திருந்தது. அதில் ஒரு சாக்கு அரிசி காணாமல் போன வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு மிஷினுக்கும் சம்மதித்தார். அரிசி போகாமல் இருந்திருந்தால் எங்கள் கம்பெனிக்கு ஒரு மிஷின்தான் கிடைத்திருக்கும்.

பழைய ஐஸ் பெட்டிகள் கிடந்த பின்னறையைக் காலிசெய்து இரண்டு மிஷினையும் வைத்தார். எத்தனை தடவை கழுவியும் அந்த அறையில் மீன்வாடை போகவில்லை. பூனைகள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காத்துக்கிடக்கும். பூனை வரும் வழியையும் அவர் அடைத்தார்.

பிறகு எல்லோருக்கும் மெயில் கணக்கு கொடுத்தார். சொந்தப் பெயர் வைக்கப்பிடாது, பிள்ளைகள் பெயர் வைக்கப்பிடாது, எழுத்தும் வேண்டும், எண்ணும் வேண்டும், மறந்துபோகிற மாதிரியும் இருக்கப்பிடாது என்று பாஸ்வேர்டுக்குச் சட்டம் போட்டார். எல்லோரும் தலையாட்டினோம். நாங்கள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வாரம் மீன் எடுப்பைப் பார்க்க வேண்டும் என்று தேங்காய்ப்பட்டணம் வந்தார். நானும் காகித வேலையாகப் போயிருந்தேன். துறைமுகத்தில் அவர் மீனைப் பார்க்கவே இல்லை. கரையோரம் நின்ற வள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வரும்போது முகம் வெளிறிப்போயிருந்தது.

எங்களுக்கு மீன் எடுக்கிறவர்கள் எல்லாம் வள்ளக்காரர் வீட்டு ஆட்கள். எழுத்தும் எண்ணும் சேர்ந்த, சாகும்வரை மறக்காத ஒன்றைச் சொல் என்றால் அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? வள்ளத்தின் பெயரும், பதிவெண்ணும். இரண்டும் வள்ளத்தின் முகப்பில், முழ நீள எழுத்தில், சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தன. கடலில் போகிற கப்பல்காரன் படித்துக்கொண்டு போகலாம்.

அலுவலகத்துக்கு வந்து முதலாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கணக்காகத் திறந்து காட்டினார். மூன்றாவதாகத் திறந்தது பிலோமினாக்காவுடையது. துறைமுகத்தில் எங்களுக்கு ஏலம் கேட்கிற ஆள் பிலோமினாக்கா. அவள் விலை சொல்ல ஆரம்பித்தால் மற்ற கம்பெனிக்காரர்கள் சாயா குடிக்கப் போய்விடுவார்கள். அவள் குவைத்தில் இருக்கும் தங்கச்சிக்கு எழுதியிருந்த மெயில் மேலேயே இருந்தது. அவர் நியாயமாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். முதலாளி திருப்பவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழை எழுத்துக்கூட்டி, உரக்க, "எங்க… மொதலாளி… சரியான… பிசுநாறி" என்று படித்து முடித்தார்.

மறுநாள் பிலோமினாக்கா படியேறும் சத்தத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"ஓய், எனக்க பெட்டியத் தொறக்கச் சொல்லி ஒமக்கு ஆரு சொன்னா?"

"நான் எங்க தொறந்தேன்? சாவியக் கொண்டுபோயி கடல்ல எழுதி நிறுத்தியிருக்கியது நீயில்லியா?"

"எனக்க மாப்பிள்ளைக்க வள்ளத்துல வள்ளத்துக்க பேர எழுதாம ஒமக்க பேரயா எழுதணும்?"

"பெயின்டுல எழுதின எதையும் பாஸ்வேர்டா வைக்கப்பிடாது."

"அப்போ நீரு எனக்க மூஞ்சியில முழிக்கப்பிடாது."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவர் உத்தரவுப்படி எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அவர் மறுபடியும் தேங்காய்ப்பட்டணம் போய் நடந்துவிட்டு வந்தார். இந்தத் தடவை ஒவ்வொருவரும் பக்கத்து வள்ளத்தின் பெயரை வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கலவறைச் சாவி விவகாரம் வந்தது. மெயில்கள் கிடக்கும் உள்மிஷினை நிறுத்தி ஓட்டும்போதெல்லாம் ஒரு பெரிய பாஸ்வேர்டு கேட்கும். அது இருந்தால் கம்பெனியில் யாருடைய மெயிலையும் திறக்கலாம். அதை ஒரே ஆள் வைத்திருக்கக் கூடாது, இரண்டாக வெட்டி, பாதி ஒருவரிடமும் பாதி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும் என்றார்.

"நீரு பாதி, நான் பாதி" என்றார் முதலாளி.

"பிடாது. நீங்க சம்பளம் தாற ஆளு. கொஞ்சம் மிரட்டினா எனக்க பாதியையும் சொல்லிருவேன்."

"கணக்கெழுதுத சார்?"

"அவரும் நானும் ஒரே பஸ்சுல போறோம். சிநேகம் ஆயிட்டோம்."

நான் இருக்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீ ஆரு கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாத பிள்ள மக்கா. ரெண்டு பாதியும் வச்சிருக்குத ஆளுவ எந்தக் காலத்துலயும் கூட்டுச் சேரப்பிடாது. அதுதான் முக்கியம். இந்த ஆபீசுல என்னைக் கண்டாலே ஆகாத ஆளு ஆரு?"

எல்லோரும் ஒரே நாற்காலியைத்தான் பார்த்தோம். பிலோமினாக்கா வரும்போது உட்காரும் நாற்காலி அது.

அவள் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஒத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏட்டி, அந்த மனுசங்கிட்ட சொல்லு. அவருக்க மேல உள்ள கோவம் அப்பிடியேதான் இருக்கு. எனக்க பாதி பத்திரமா இருக்கும், அது வேற."

மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு பிலோமினாக்கா பஸ் ஏறி வருவாள். பின்னறை வாசலில் நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், முதலாளி உட்பட. முதலில் அவள் தன் பாதியை அடிப்பாள். அப்போது அவரும் சுவரைப் பார்ப்பார். பிறகு அவர் அடிப்பார். அப்போது அவளும் சுவரைப் பார்ப்பாள். இருவருக்கும் நடுவில் பேச்சுக்கு நான்.

"மக்கா, அவியகிட்ட சொல்லு, கேப்ஸ் லாக் போட்டிருக்கு."

"ஏட்டி, அவருகிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு தெரியும்."

இரண்டு முழம் தள்ளி நிற்கிறவர்களுக்கு நான் தந்தி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இந்த மனிதர் இப்படி என்று எரிச்சலாக இருக்கும். ஒருநாள் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க வரவில்லை. மூக்கைத் துளைக்கும் குழம்பு வாசனையோடு பூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. என் மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் பங்குவைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்.

"மஸ்கட்டுல எனக்க கூட ஒரே ரூம்ல ஒருத்தன் இருந்தான். நம்ம ஊருப் பக்கம்தான். அவசரமா ஒரு காரியம் பாக்கணும்னு எனக்க பாஸ்வேர்டக் கேட்டான். குடுத்தேன். கம்பெனிக்க ரேட்டெல்லாம் வெளிய போயிட்டு. கம்ப்யூட்டர்ல பாத்தா எனக்க பேரு. நான் செய்யல்லன்னு சொன்னேன். உனக்க பாஸ்வேர்டுதானேன்னு கேட்டாவ. ஆமா, எனக்க பாஸ்வேர்டுதான். என்ன பதில் சொல்ல? அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துத் தந்து அனுப்பிட்டாவ."

அவன் பிறகு பேசினானா என்று கேட்டேன். "இல்ல. ஏர்போட்டுக்கு வந்து வழியனுப்பினான். கறியில புளி கொஞ்சம் கூடிப்போச்சு மக்கா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பூட்டை இழுத்துப் பார்க்கும்போது நான் சிரிப்பதில்லை. கொஞ்சம்தான் சிரிப்பேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டீசல் இல்லை. முதலாளி மிச்சம் பிடித்திருந்தார். பேட்டரியும் தீர்ந்து இரண்டு மிஷினும் அணைந்தன. கரண்ட் வந்ததும் பந்தல் மிஷின் தானாக எழுந்துகொண்டது. கலவறை மிஷின் சாவி கேட்டு நின்றது.

அன்றைக்கென்று கிடங்கில் ஒரு கன்டெய்னருக்கான மீன் பெட்டிபோட்டு ஏற்றத் தயாராக இருந்தது. பெட்டிகளில் ஒட்டவேண்டிய லேபிள் விவரத்தை துபாய்க்காரர் அதிகாலையில் மெயிலில் அனுப்பியிருந்தார். லேபிள் ஒட்டாமல் வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்ப முடியாது. மத்தியானத்துக்குள் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும்.

முதலாளி துபாய்க்குப் போன் போட்டு, அதே மெயிலைத் தன் பழைய விலாசத்துக்கு இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார். பேசப்பேச அவர் முகம் கோணிக்கொண்டே போனது. போனை வைத்தார்.

"ஓய், அங்கே என்ன எழுதிக் குடுத்திருக்கேரு?"

அவர் மென்று விழுங்கினார். "வேற விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி ஆரு போன் பண்ணினாலும் நம்பாதீங்கன்னு எழுதினேன்."

"மொதலாளிக்க கொரல்ல பேசினாலும் நம்பப்பிடாதுன்னு எழுதியிருக்கேரா?"

"அதுவும் எழுதியிருக்கேன்."

"நான் நான்தான்னு அந்த மனுசங்கிட்ட எப்பிடி வேய் சொல்லுவேன்? இப்பிடி ஆரு பேசினாலும் நம்பாதேன்னு எழுத்து இருக்கு, மன்னிக்கணும்ங்கான். மறுபடியும் அந்த நடிகை படம் மாதிரி ஆயிரப்பிடாதாம்." முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "பாரும். கப்பல் போச்சுன்னா அந்த துபாய்க் கட்சி போச்சு. கட்சி போச்சுன்னா நீரு நாளைக்கு வரவேண்டாம்."

பிலோமினாக்காவைக் கம்பெனி ஜீப் போய்க் கூட்டிவந்தது. மழையில் நனைந்த சேலையோடு வந்தாள். நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். அவள் அடித்தாள். அவர் அடித்தார். தப்பு என்றது. மறுபடி அவள் அடித்தாள், அவர் அடித்தார். மறுபடியும் தப்பு. மூன்றாவது தடவையும் தப்பானால் மறுநாள் வரை திறக்காது. அதுவும் அவர் வைத்த சட்டம்தான்.

"மக்கா, அவிய செரியாத்தான் அடிச்சாவளான்னு கேளு."

"ஏட்டி, எனக்க பாதி செரிதான்னு சொல்லு."

அவர் நெற்றியில் வேர்த்திருந்ததைத் திரும்பாமலே என்னால் உணர முடிந்தது. "போன வாரந்தான் மாத்தினேன். பழசுதான் ஓர்மைக்கு வருகு. அதுக்கும் பழசு வருகு. புதுசு மட்டும் வரமாட்டேங்கு" என்றார் யாரிடமும் இல்லாமல்.

எனக்குத் தெரியும். அந்தப் புதிய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்து நிற்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை. அவர் ஒரே விரலால் அடிக்கிறவர். அடிக்கிற எழுத்து மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்தபடி அடிப்பார். முதல் மாதத்திலிருந்தே கேட்டுவிட்டது. சொன்னால் வருத்தப்படுவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொன்னால் வேலை தப்பும். ஆனால் பாஸ்வேர்டு இன்னொருவனுக்குத் தெரிந்ததால் வாழ்க்கை போன மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"ஏட்டி" என்றாள் பிலோமினாக்கா, சுவரைப் பார்த்தபடியே. "அந்த மனுசங்கிட்ட சொல்லு. போன வாரம் வச்சது ஒரு மீனுக்க பேருல தொடங்கும்."

அவருடைய முணுமுணுப்பு நின்றது.

"அவியளுக்கு எப்பிடி மக்கா தெரியும்?"

என் வலதுபக்கம் நின்ற ஜீப் டிரைவர் தொண்டையைச் செருமினார். "பழசுதான் சாளை அண்ணே. புதுசு அயிலை."

பிறகு கணக்கெழுதும் சார், "அதுக்குப் பொறவு நாலு நம்பரு. ஒமக்க பஸ்சுக்க நம்பருதான் ஓய்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் முதலாளியின் குரல் கேட்டது. "கடைசியில ஒரு நட்சத்திரம் உண்டு. அத விட்டிராதேயும்."

நாங்கள் இத்தனை பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தே நின்றோம். பிலோமினாக்கா தன் பாதியை மறுபடி அடித்தாள். அவர் அடித்தார். இந்தத் தடவை முணுமுணுக்கவில்லை. மிஷின் திறந்தது.

லேபிள் அச்சாகி, ஜீப்பில் கிடங்குக்குப் போய், வண்டி கிளம்பிவிட்டது என்று போன் வரும்வரை யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. போன் வந்தபின் அவர் பின்னறையிலிருந்து வந்து பிலோமினாக்காவின் நாற்காலிக்கு முன்னால் நின்றார். நான் வழக்கம்போல நடுவில் வந்தேன். அவர் கையால் என்னை விலக்கினார்.

"ஒனக்க பாதி ஒனக்குத் தெரியும். எனக்க பாதியும் தெரியும். அப்போ முழுச் சாவியும் ஒனக்க கையில இருந்துது."

"இருந்துது" என்றாள் அவள், நேராக அவரைப் பார்த்து.

"எத்தன நாளா?"

"நீரு தொடங்கின மாசத்துல இருந்து."

"எனக்க மேல அவ்வளவு கோவம் இருந்துதே. ஒரு நாளாவது எனக்க மெயிலத் தொறந்து பாக்கணும்னு தோணல்லியா?"

"தொறந்தா என்ன இருக்கும்? ஒமக்கு ஆரு மெயில் அனுப்புவா?"

சொன்னபிறகு அவளுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதும் செரிதான்" என்று உள்ளே போனார்.

அவர் அவளை நம்பினார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அந்த மிஷினுக்குள் யார் எப்போது போனார்கள் என்று அதுவே எழுதிவைத்திருக்கும். அதை முதல் நாளிலிருந்து வரிவரியாகப் படித்தார். சாயா ஆறிப்போனது. விளக்குப் போடும் நேரத்துக்கு வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆரும் போகல்ல மக்கா. ஒருத்தரும் போகல்ல. எல்லாருக்கும் எனக்க பாதி தெரிஞ்சிருந்தும், அடுத்தவிய மெயிலத் தொறந்தது நான் மட்டுந்தான்." யார்மேலோ புகார் சொல்வதுபோல இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பிலோமினாக்கா வரவேண்டிய நாளே இல்லை. வந்தாள். என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து, ஒரு விரலால், நெடுநேரம் என்னவோ அடித்தாள். நான் எட்டிப் பார்த்ததற்கு முழங்கையால் இடித்தாள். அவள் அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் பின்னறைக் கதவு திறந்தது. அவர் வந்து அவள் முன்னால் நின்றார்.

"பிலோமினா, எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு."

"வரட்டும்."

"ஒனக்க பேருல இருக்கு. பேர ஆரு வேணும்னாலும் போட்டு அனுப்பலாம். அதான் கேக்கேன். நீதான் அனுப்பினியா?"

"ஆமா ஓய். நான்தான்."

"என்ன எழுதினே? சொல்லு பாப்போம்."

ஆபீஸ் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. பிலோமினாக்கா முகம் சிவந்துபோய், ஏலம் கேட்கும் குரலில் சொன்னாள். "நெத்திலிப் புளிமுளம் வச்சு கொண்டு வந்திருக்கேன், மத்தியானம் ஒமக்கும் சேத்துத்தான், வந்து சாப்பிடும்னு எழுதினேன். போருமா?"

அவர் கண்ணை மூடி, மெயிலில் படித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "செரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மிஷினில் ஒரு பதில் வந்து விழுந்தது. எனக்கும் தெரிகிறமாதிரி திரையைத் திருப்பினாள். ஒரே வரிதான். கிடைத்தது, வருகிறேன்.

"அந்தா நிக்கும்போ வாயால சொன்னா கொறஞ்சா போவாரு இந்த மனுசன்" என்றாள் பிலோமினாக்கா. சொல்லிவிட்டு அதை இன்னொரு தடவை படித்தாள்.